கதவக்காவும் ஒற்றைச் செருப்பும்

"உள்ள யாரு? குரல் குடுங்க!"

மூன்றாவது அறைக் கதவை விரல் மூட்டால் தட்டிவிட்டு, காதைப் பலகையோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார் கதவக்கா. உள்ளிருந்து ஓர் இருமல் வருகிறது. "இருமல்லாம் வேணாம், வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க." "இருக்கேன், இருக்கேன்!" என்று எரிச்சலோடு ஒரு குரல். "ரொம்ப சந்தோஷம். மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்கு நகர்கிறார். அந்தப் பேருந்து நிலையத்துக் கழிப்பறையில், ஆண்கள் பக்கமானாலும் சரி பெண்கள் பக்கமானாலும் சரி, யாரும் நிம்மதியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட முடியாது. கதவக்கா விடமாட்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. கடைக்காரர்கள், ஓட்டுநர்கள், தினமும் வந்துபோகும் பயணிகள் எல்லோருக்கும் அவர் கதவக்காதான். ஐம்பதைத் தாண்டிய குள்ள உருவம். முழங்கால் வரை நீலக் கோட்டு. அதன் ஒரு பையில் சாவிக்கொத்து, மறு பையில் மூக்கில் அடிக்கிற மருந்து. அவர் வருவதற்கு முன்பே சாவிச் சத்தம் வந்துவிடும். பினாயில் வாசனை பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே வாளி வாளியாக ஊற்றுவார். யாராவது தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் போனால் தெருக்கோடிவரை கேட்கும்படி ஒரு வசைப்பாட்டு விடுவார்.

முன்பெல்லாம் அவருக்குத் தரையும் தண்ணீரும் மட்டுமே வேலை. ஒரு மழைக்காலத்தில் அடுத்தடுத்து மூன்று பேர் இதே அறைகளில் செத்துக் கிடந்தார்கள். போதை மருந்து அளவு மீறி, மூச்சு நின்று, உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி. கடைசி ஆளை எடுக்கக் கதவைத் தள்ளினால், சரிந்து கிடந்த உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. அன்றைக்குக் கதவக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அரசாங்கம் கண்ணைத் திறந்தது. சுகாதாரத் துறையிலிருந்து தச்சர்கள் வந்து எல்லாக் கதவையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார்கள். தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற பூட்டு வைத்தார்கள். விழுந்து கிடந்தால் காலாவது தெரியட்டும் என்று அடியில் ஒரு சாண் அறுத்து எடுத்தார்கள். சுவரில் ஒரு மஞ்சள் பெட்டி வந்தது. போதை மீறி நின்றுபோகிற மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும், மூக்கில் அடிக்கிற மருந்து அதற்குள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவர் மேல் வழக்குக் கிடையாது என்று பக்கத்தில் ஒரு பலகை. ஒரு நர்ஸம்மா ரப்பர் பொம்மையோடு வந்து, நிலையத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் மருந்தடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "எத்தன திட்டம் பாத்திருக்கேன்! ரிப்பன் வெட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க, அப்புறம் ஆளையே காணோம். இந்த நர்ஸம்மா மட்டும் மாசா மாசம் வந்து பெட்டியத் தெறந்து பாக்குது" என்று சொல்வார் கதவக்கா. அவர் வாயிலிருந்து அரசாங்கத்தைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை வருவதே அபூர்வம்.

தவறு நடக்காமலும் இல்லை. ஒரு பயணச்சீட்டுப் பரிசோதகர், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ஏதோ சினிமா பார்த்துக்கொண்டிருந்தார். கதவக்கா தட்டினார், கத்தினார், பதில் இல்லை. சாவியை விட்டுத் திருப்பிக் கதவைத் திறந்தவர், மருந்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டியபடி நின்றார். அதற்குப் பிறகு அங்கே எழுந்த கூச்சலை விவரிக்க வேண்டாம்.

நிலைய மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். "ஏம்மா, மானமே போச்சுன்னு அந்த மனுஷன் குதிக்கிறாரே!"

"போன மானம் ரெண்டு நாள்ல திரும்பி வந்துடும் சார். புகார் குடுக்கறதுக்கு ஆள் உசிரோட இருக்காரே, எனக்கு அது போதும்."

மேலாளர் சிரிப்பை அடக்க ஒரு ஃபைலைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து பரிசோதகர் உள்ளே நுழையும் முன்பே, "கதவக்கா, நான்தான் போறேன், நல்லா இருக்கேன்!" என்று அறிவித்துவிட்டுத்தான் போகிறார்.

மருந்து வேலை செய்தால் பாதி வேலைதான் முடிந்தது. எழுந்தவன் கையெடுத்துக் கும்பிடுவான் என்று யாராவது நினைத்தால், பாவம். போதையைக் கலைத்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி ஏசுவான், எழுந்து ஓடப் பார்ப்பான். மருந்தின் வேகம் தணிந்ததும் மூச்சு மறுபடி நிற்கலாம், ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளை விடவே கூடாது என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஓங்குதாங்கான ஆளை இந்தக் குள்ள உருவம் எப்படிப் பிடித்து வைக்கும்? மருந்தடித்த கையோடு கதவக்கா ஒரு காரியம் செய்வார். அவன் காலிலிருந்து ஒற்றைச் செருப்பைக் கழற்றித் தன் அக்குளில் இடுக்கிக்கொள்வார்.

"என் செருப்பக் குடு கெழவி!"

"தரேன்டா ராஜா. வண்டி வரட்டும், கையில குடுத்து அனுப்பறேன். இப்ப உக்காரு."

வாசல்வரை நொண்டிக்கொண்டு போனவன் திரும்பி வந்து உட்காருவான். செத்துப் பிழைத்தவன்கூட ஒரு காலில் செருப்போடு தெருவில் இறங்கக் கூச்சப்படுகிறான் என்பதில் கதவக்காவுக்கு ஓயாத ஆச்சரியம். சாப்பிடும்போது வீட்டில் இதை நடித்தே காட்டுவார். நொண்டிக் காட்டுவார், கெஞ்சுகிற குரலில் பேசிக் காட்டுவார். கணவர் சிரிப்பார். மகன்கூடத் தட்டிலிருந்து தலை தூக்கி, "உனக்கு வேற வேலையே இல்லையாம்மா" என்பான்.

மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவனுக்கு. கை சுத்தமான வேலைக்காரன் என்று பெயர் எடுத்தவன். சாரம் சரிந்து விழுந்ததில் முதுகில் அடி. வலிக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார். வலி குறைந்த பிறகும் அவனால் மாத்திரையை விட முடியவில்லை. டாக்டர் கொடுக்க மறுத்ததும் வேறு இடத்தில், வேறு எதையோ வாங்கத் தொடங்கினான். தாய்க்குத் தெரியும். தகப்பனுக்கும் தெரியும். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

கணவர் சோபா பழுது பார்க்கிறவர். முன்னறைதான் பட்டறை. வேலை செய்யும்போது வாய் நிறையக் குட்டி ஆணிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். பேச விருப்பமில்லாதபோதும் ஆணிகளை வாயில் போட்டுக்கொள்வார் என்பது மனைவியின் குற்றச்சாட்டு. அந்த வீட்டுக் குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது. உள்ளே கட்டை விரல் தடிமனில் ஒரு தாழ்ப்பாள். மகன் உள்ளே போய் நேரமானால், ஊர்க் கதவையெல்லாம் தட்டுகிற கதவக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்குவார். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காது மட்டும் கதவில் இருக்கும். தட்டக் கை வராது.

வீட்டில் வைத்துக்கொள்ள ஆளுக்கொரு மருந்து தரலாம் என்று நர்ஸம்மா ஒருமுறை கொண்டுவந்தார். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். "எங்க வீட்டுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்று கதவக்கா சிரித்து மழுப்பிவிட்டார். நர்ஸம்மா வற்புறுத்தவில்லை.

போன மாதம் மூன்றாவது அறையில் ஒருவன் விழுந்து கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மருந்தடித்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, பழக்கப்படி செருப்பைக் கழற்றினார் கதவக்கா. செருப்பின் ஓரமெல்லாம் வெள்ளைச் சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. மகனின் செருப்பில் இருக்கிற அதே சிமெண்ட். இவனும் டைல்ஸ் ஒட்டுகிறவன்தான். மகன் வயதுதான் இருக்கும்.

கண் விழித்தவன் திட்டவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

"உங்கம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரியாத மாதிரி இருக்காங்க."

ஆம்புலன்ஸ் வந்தது, செருப்பை அவரே அவன் காலில் மாட்டி அனுப்பினார். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதார். மறுநாளே நர்ஸம்மாவைத் தேடிப் போய், "எனக்கும் ஒண்ணு குடும்மா, வீட்டுக்கு" என்றார்.

சாயங்காலம் அதைக் கொண்டுபோய், கணவர் துணி அடித்துக்கொண்டிருந்த சோபாவின் கைப்பிடி மேல் வைத்தார். கணவர் அதைப் பார்த்தார். ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இத வீட்ல வெச்சா, பரவால்ல பண்ணுடான்னு நாமளே சொல்ற மாதிரி ஆவாதா?"

"பண்ணாத, பண்ணாதன்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு. செத்துடாதடான்னு எப்பதாங்க வாயத் தெறந்து சொல்றது?"

அவர் ஆணிகளைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ளவில்லை. பாதி முடிந்த அந்த சோபாவிலேயே அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை எப்படிச் சாய்ப்பது, மருந்தை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தார் கதவக்கா. "மீச குத்துது, கொஞ்சம் கத்திரிங்க" என்று நடுவில் ஒரு அதட்டல் வேறு. மகன் எப்போது வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான் என்று இருவரும் கவனிக்கவில்லை. கவனித்ததும் கணவர் பதறி எழப் பார்த்தார். கதவக்கா அவர் நெஞ்சில் கை வைத்து அழுத்திப் படுக்கவைத்தார்.

"உனக்காகத்தான்டா கத்துக்கிறோம்" என்றார், மகன் முகத்தைப் பார்த்து.

அவன் உள்ளே போய்விட்டான். மருந்து குளியலறைக்கு வெளியே, சோப்பு வைக்கிற தட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. அடுத்த விடுமுறை நாளில் கணவர் உளியும் திருப்புளியும் எடுத்து, குளியலறைக் கதவைக் கழற்றி, வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினார். தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சின்னதாக ஒரு கொக்கி வைத்தார். மகன் அன்று தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தனியாகச் சாப்பிட்டான்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு பிற்பகல், வேலையிலிருந்து வந்த கதவக்கா கோட்டைக் கழற்றக் கை தூக்கியவர் அப்படியே நின்றார். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு வெளியே, கால்மிதியின் நடுவில், மகனின் செருப்பு. ஒன்றே ஒன்று. கழற்றி வீசிய மாதிரி இல்லை. அம்மா எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று நேராக வைத்த மாதிரி இருந்தது. இன்னொன்றை அவன் உள்ளேயே போட்டுக்கொண்டு போயிருந்தான்.

விரல் மூட்டால் தட்டினார்.

"உள்ள யாரு? குரல் குடு."

உடனே பதில் வரவில்லை. கதவக்காவின் கை சோப்புத் தட்டுக்குப் போனது.

"நான்தாம்மா."

"இருக்கியா?"

"இருக்கேன்."

"பேசிக்கிட்டே இரு."

"என்ன பேசறது?" உள்ளே சுவரை விரலால் தட்டும் சத்தம். பிறகு, "இந்தச் சுவர்ல டைல்ஸ் ஒட்டினது எந்த மடையன்மா? ஒரு வரிசையே கோணலா ஏறுது."

"நீதான்டா! தொழில் கத்துக்கிட்ட புதுசுல ஒட்டினது."

உள்ளே அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! உள்ளே என்ன செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துக் கதவோரம் போட்டு உட்கார்ந்து, மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். குனிந்து அந்த ஒற்றைச் செருப்பை எடுத்தார். கோட்டு நுனியால் ஓரத்துச் சிமெண்டைத் துடைத்தார், அக்குளில் இடுக்கிக்கொண்டார்.