லஸ்கர் சடையப்பன் படித்த பனாமா

வீராணம் ஏரியைப் பற்றி ஏதாவது தெரியவேண்டும் என்றால் காட்டுமன்னார்கோயிலில் எல்லோரும் சடையப்பனைத்தான் கைகாட்டுவார்கள். பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருஷம் லஸ்கராக இருந்தவர். மதகு ஷட்டரைத் திருகி ஏற்றி இறக்குவதும், விடிந்ததும் அளவுகோலைப் பார்த்து எத்தனை அடி தண்ணீர் என்று எழுதிவைப்பதும் அவர் வேலை. வீம்பும் அந்த ஏரி அளவுக்கு இருந்தது. ஒரே மகள் இளமதி, கூடப் படித்த கடலூர் அன்பரசுவைச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து நாலு வருஷம், மகளோடு ஒரு வார்த்தை கிடையாது.

2011இல் அன்பரசுவுக்குப் பனாமாவில் கப்பல் கம்பெனி ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே போனதும் இளமதி முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்கு வரச்சொல்லி அம்மா தில்லையம்மாளுக்குப் போன் செய்தவள், அப்பாவுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"வரேன். ஆனா கால்வாயப் பாக்கத்தான் வரேன், அவளப் பாக்க இல்ல" என்றார் சடையப்பன்.

தில்லையம்மாளுக்கு ஒரே கவலை. அத்தனை தூரம் போயும், வாயும் வயிறுமாக நிற்கிற பெண்ணைப் பார்த்து இந்த மனுஷன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது?

சொல்லிவிட்டாரே, கால்வாயைப் பற்றிப் படித்துத்தானே ஆகவேண்டும்! சிதம்பரம் நூலகத்தில் ஒன்றும் அகப்படவில்லை. கடலூருக்குப் பஸ் ஏறினார். அங்கே மாவட்ட நூலகத்தில் தடிமனாக ஒரு புத்தகம் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் சோற்று டப்பாவோடு போய் உட்கார்ந்தார். முதலில் தோண்ட வந்த பிரெஞ்சுக்காரர்கள் நொடித்துப் போனதையும், ஆயிரக்கணக்கான கூலியாட்கள் கொசுக்கடிக் காய்ச்சலில் செத்ததையும் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆற்றை மறித்து ஏரியாக்கி, அந்தத் தண்ணீரை வைத்தே கப்பலை எண்பத்தைந்து அடி தூக்கி அந்தப் பக்கம் இறக்குகிறார்கள் என்று படித்த அன்று, "யப்பாடி!" என்று கத்தியே விட்டார். நூலகர் முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும், ஷட்டர் பிடித்த கைக்கல்லவா தெரியும் அதன் அருமை!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியைக் கூப்பிட்டார்.

"பம்பு கெடையாது, ஒண்ணும் கெடையாதுடி! தண்ணி தானா எறங்குது, நம்ம மதகு மாதிரியே. ஆனா ஒரு கப்பலுக்கு இருவது கோடி லிட்டரு நல்ல தண்ணி கடலுக்குப் போவுதாம். நம்ம கடைமடைக்காரங்க கேட்டா அடிக்க வந்துடுவாங்க!"

அதோடு விடவில்லை. துவைக்கிற கல்மேல் ஒரு வாளித் தண்ணீர், கீழே ஒரு காலி வாளி, நடுவில் ரப்பர் குழாய். வாயால் உறிஞ்சி விட்டார். மேல்வாளித் தண்ணீர் கீழே இறங்கியது.

"கப்பல் நிக்கிற தொட்டிக் கதவுக்கு ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டம் ஆவணும். அப்பத்தான் கதவு தொறக்கும், கப்பல் போவும்."

"மேல இருக்கிற தண்ணி எறங்கலன்னா?"

"யான வந்து தள்ளுனாலும் தொறக்காது."

"அப்ப நீ எப்பய்யா எறங்குவ?" என்றாள் தில்லையம்மாள். மகள் நம்பரைப் போட்டு, போனை அவர் ஈரக்கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

மணி அடித்தது. "அம்மா" என்றாள் இளமதி. அவருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரிந்ததைக் கேட்டார்.

"அங்க ஏரியில... இன்னிக்கி எத்தினி அடி தண்ணி?"

அங்கே நோட்டுப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எம்பத்தாறு அடிப்பா" என்றாள். "வந்த நாள்லேருந்து தெனமும் பாத்து எழுதி வச்சிருக்கேன். நீ என்னிக்காவது கேப்பன்னு."

சடையப்பன் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

"வரேம்மா" என்றார். "உன்னப் பாக்கத்தான் வரேன்."