ஸ்கார்தாஃபோர்த்தே குடும்பத்துச் சிங்கத்தின் வால்

நோஃப்ரியோ தும்மினியா கழுதை வண்டிப் பலகைகளில் புனிதர்களையும் வாள்வீரர்களையும் வரைந்து பிழைத்தவர். சிசிலியில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. அவருடைய புனிதர்கள் எல்லோருக்கும் ஊர் நாவிதரின் முகம்தான். கேட்டால், "கூப்பிட்டதும் வந்து அசையாம உக்காந்தவன் அவன் ஒருத்தன்தானே" என்பார்.

ஐம்பத்திரண்டாம் வயதில் அவருக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஸ்கார்தாஃபோர்த்தே பிரபு, மகள் கல்யாணத்துக்காகத் தன் குதிரை வண்டியைப் புதுப்பித்தார். கதவில் குடும்பச் சின்னம் வரைய வேண்டும்: சிவப்புக் கேடயத்தில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் தங்கச் சிங்கம். சிவப்பு, முன்னோர் சிந்திய ரத்தம். தூக்கிய வால், அஞ்சாத வீரம். தங்கம், வள்ளல்தன்மை என்று பிரபு ஒரு மணி நேரம் விளக்கினார். அந்த வள்ளல்தன்மையை அவருடைய குத்தகைக்காரர்கள் யாரும் கண்டதில்லை.

மாளிகை வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கியிருந்த பழைய சிங்கத்தைப் பார்த்து நோஃப்ரியோ ஒன்றுவிடாமல் வரைந்தார். ஆண் சிங்கம் ஆண் சிங்கமாகவே நின்றது.

பிரபுவின் மனைவி எர்சிலியா அதைக் கண்டதும் விசிறியால் முகத்தை மறைத்தாள்.

"என்னய்யா இது அசிங்கம்?"

"வாசக்கல்லுலயும் அப்படித்தாம்மா இருக்கு."

"அது உசரத்துல இருக்கு. இந்த வண்டியில கல்யாணத்தை நடத்தி வைக்கற ஆயர் ஏறப்போறாரு. வாலை இறக்கி முன்னால கொண்டாந்து மூடு."

"வால் தூக்கித்தான் இருக்கணும்னு எஜமான்..."

"எஜமான்கிட்ட நான் பேசிக்கறேன்."

நோஃப்ரியோ வாலை இறக்கி மூடினார்; அவளோ எஜமானிடம் பேசவே இல்லை. கல்யாணத்தன்று வண்டி தேவாலய வாசலில் நின்றபோது, குடும்பச் சின்னங்களின் சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்த மாப்பிள்ளையின் மாமா கதவருகே குனிந்தார்.

"வாலைக் கவட்டுல சொருகியிருக்கே. சாஸ்திரத்துல இதுக்குக் கோழைச் சிங்கம்னு பேரு. உங்க வம்சத்துல போர்லேர்ந்து ஓடினது யாரு சம்பந்தி?"

கூட்டம் சிரித்தது. ஆயர் தன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மறுநாள் பிரபு நோஃப்ரியோவைக் கூப்பிட்டு, "நாளைக்குள்ள வால் மேல ஏறலேன்னா, இந்த ஊர்ல நீ ஒரு கழுதை வண்டியைக்கூடத் தொட முடியாது" என்றார். பின்னால் நின்ற எர்சிலியா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோஃப்ரியோ உண்மையை விழுங்கிக்கொண்டார். வெளியே வரும்போது அவள் கிசுகிசுத்தாள்: "வால் ஏறினாலும் அது தெரியக்கூடாது."

வீட்டில் அவர் மனைவி நுன்சியா அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க தம்பி துண்டில்லாம குளிக்கப் போயிட்டு எப்படி வெளிய வர்றான்? கையில அகப்பட்டதை முன்னால பிடிச்சிக்கிட்டுத்தானே? சிங்கத்துக்கும் ஏதாவது குடுங்க. எலுமிச்சைக் கிளை குடுங்க, இலை அடர்த்தியா."

வாலை மேலே ஏற்றி, முன்னால் கிளையைப் பிடிக்கவைத்து அப்படியே வரைந்தார். பிரபு அதை வெகுநேரம் பார்த்தார்.

"கிளை எதுக்குய்யா?"

"வாசக்கல்லைத் தேய்ச்சுப் பார்த்தேன் எஜமான். கிளை இருந்த மாதிரிதான் தெரிஞ்சுது."

பிரபுவின் முகம் மலர்ந்தது. "இருக்கும், இருக்கும்."

ஆறு மாதத்தில் பங்குச் சாமியார் குடும்ப வரலாறு எழுதிவிட்டார்: முற்றுகையில் தாகத்தால் செத்துக்கொண்டிருந்த அரசனுக்கு ஒரு ஸ்கார்தாஃபோர்த்தே எலுமிச்சைச் சாறு கொடுத்தாராம். பிரசங்கத்தில் அதைக் கேட்டபோது நோஃப்ரியோவுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அதன்பின் புதுப்பணக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஏழு கேடயங்கள் வரைந்தார். ஏழுக்கும் அர்த்தத்தையும் அவரே காலை ரொட்டியோடு சேர்த்து மென்று தயாரித்தார். எட்டாவதாக வந்த ஒரு மாவு மில் முதலாளி மட்டும், "அர்த்தமெல்லாம் வேணாம்ப்பா, எனக்குப் பன்னி பிடிக்கும்" என்றார். அவருக்காக நோஃப்ரியோ ஒரு மாதம் உட்கார்ந்து, தன் வாழ்நாளிலேயே மிக நல்ல ஓவியமாக ஒரு பன்றியை வரைந்து கொடுத்தார்.