இரண்டு வண்டிகள் முறைத்துக்கொண்ட இடம்

எஸ்தர் பட்டினப்பாக்கத்துக்காரி. அம்மா மீன் விற்றுப் படிக்கவைத்தார். ஒரே சமயத்தில் ஓடும் பல கணினி நிரல்களைக் கோடுகளாகவும் வடிவங்களாகவும் வரைந்து ஆராய்வது அவள் துறை. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில் அப்பா படுக்கையில் விழ, படிப்பை விட்டுவிட்டுக் கிண்டியில் ஒரு மருந்துக் கிடங்கில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்தாள்.

கிடங்கில் ஆளில்லாமல் ஓடும் வண்டிகள் இரண்டு. பெட்டிகளை மேல்மாடிக்குக் கொண்டுபோகும் வண்டி முதலில் ஒரு குறுகிய சந்துக்குள் நுழைந்து, பிறகு லிஃப்டில் ஏறும். கீழே இறங்கும் வண்டி முதலில் லிஃப்டில் ஏறி, பிறகு அதே சந்து வழியே வெளியேறும். சந்திலும் சரி, லிஃப்டிலும் சரி, ஒரு சமயம் ஒரு வண்டிக்குத்தான் இடம்.

மாதத்தில் ஓரிரு முறை இரண்டும் நின்றுபோகும். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் மாசிலாமணி சிவப்புப் பொத்தானை அழுத்தி அவற்றை விடுவிப்பார். பதிவில் பொத்தான் அழுத்திய நேரம் மட்டுமே இருக்கும். மேலாளர் ஸ்ரீகிருஷ்ணா அதைப் பார்த்துவிட்டு, மாசிலாமணி கை வைப்பதால்தான் வண்டி நிற்கிறது என்று முடிவு கட்டினார். அடுத்த மாதம் முதல் அவருக்குப் பெட்டி ஒட்டும் வேலை என்றும் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மாசிலாமணி எஸ்தரிடம் வந்தார்.

"இன்னாம்மா எஸ்தரு, நெஜமா சொல்றேன். அதுங்க மொறச்சிக்கினு நின்னதுக்கு அப்பாலதான் நான் அமுக்குறேன்."

எஸ்தர் ஒரு வரைபடத் தாளை எடுத்தாள். கிடையாக முதல் வண்டியின் பயணம். செங்குத்தாக இரண்டாவதன் பயணம். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாத நேரங்களைக் கட்டங்களாக அடைத்தாள். சந்துக்கு ஒரு கட்டம், லிஃப்டுக்கு ஒரு கட்டம். இரண்டும் குறுக்கே விழுந்து கூட்டல் குறி போல ஆயின. வண்டி பின்னால் போகாது. ஆகவே பயணக் கோடு வலப்புறமோ மேலேயோதான் நகர முடியும். குறியின் கீழ் இடது மூலையில் ஒரு சின்னப் பொந்து தெரிந்தது. உள்ளே நுழைந்த கோட்டுக்கு வலப்புறமும் சுவர், மேலேயும் சுவர்; வண்டிகள் இரண்டும் சிக்குவது அங்கேதான்.

மாசிலாமணி குனிந்து பார்த்தார். "இதுல நான் எங்கம்மா கீறேன்?"

"நீங்க இதுல இல்லவே இல்லண்ணே."

எஸ்தர் தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

ஸ்ரீகிருஷ்ணா எளிதில் ஒப்பவில்லை. "ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாச்சும்மா. ஒரு தடவைகூட நிக்கலையே?"

"ஆயிரம் தடவையும் ரெண்டையும் ஒண்ணாவே கிளப்பியிருக்கோம் சார். ரெண்டாவது வண்டியைப் பதினோரு செகண்ட் கழிச்சு விட்டுப் பாருங்க."

அன்று மாலையே விட்டுப் பார்த்தார்கள். மாசிலாமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். முதல் வண்டி சந்துக்குள் போய் லிஃப்டுக்காகக் காத்தது. இரண்டாவது லிஃப்டில் கீழே வந்து, அதற்குள்ளேயே சந்துக்காகக் காத்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. இரண்டும் அசையவில்லை.

ஸ்ரீகிருஷ்ணா திரும்பினார். "மன்னிச்சுக்கோங்க மாசிலாமணி."

"பரவால்ல சார். மூணு வாரமா ஊட்ல சோறு எறங்கல. அத்த மட்டும் சொல்லிக்கிறேன்."

மறுநாள் எஸ்தர் அந்தப் பொந்தையும் அடைத்தாள். ஒன்று லிஃப்டில் இருந்தால் மற்றது சந்துக்குள் நுழையாது. ஒன்று சந்தில் இருந்தால் மற்றது லிஃப்டைப் பிடிக்காது. நிரலில் சேர்த்தது நான்கே வரி. மாசிலாமணி தளத்திலேயே இருந்தார்.

அந்தத் தாளைப் படமெடுத்துத் தன் பழைய ஆய்வு வழிகாட்டிக்கு அனுப்பினாள். "முனைவர் பட்டத்துக்கு மறுபடி பதிவு செய்யலாமே" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, பகுதிநேரமாகச் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் பேருந்து பிடித்து அடையாறு போகிறாள்.

கிடங்குக்கு மூன்றாவது வண்டி வரப்போகிறது. மூன்று வண்டிகளின் பயணத்துக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் வேண்டும்; தாள் போதாது. எஸ்தர் இப்போது தெர்மாக்கோலைச் சின்னப் பெட்டிகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். வீடெல்லாம் வெள்ளைத் துகள் பறக்கிறது என்று அம்மாவுக்குத்தான் கோபம்.