அரூகா என்றொரு சொல்லும் என் காயமும்

மாதா கோயிலில் முழந்தாளிட்டு எழும்பியபோதுதான் முதலில் தெரிந்தது. சேலையின் பின்புறம் ஈரமாக இருந்தது. மாதவிலக்கு நின்றுபோன வயது எனக்கு. தலைப்பை இழுத்து மறைத்துக்கொண்டு, எல்லாரும் போகும்வரை வாங்குப் பலகையிலேயே இருந்தேன்.

அது சீழ். மலவாய்க்குப் பக்கத்தில் ஒரு சிறு துளையிலிருந்து வந்தது. பழந்துணியை மடித்து வைத்துச் சமாளித்தேன். மணக்கும் என்ற பயத்தில் பாடற்குழுவுக்குப் போவதை நிறுத்தினேன். கேட்டவர்களிடம் நாரிப்பிடிப்பு, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை என்றேன். குருநகரில் எங்கள் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. இருமினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இதை எப்படிச் சொல்வது?

காய்ச்சல் வந்து விழுந்தபிறகு கணவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிஸ்டுலா (குடலின் முடிவிலிருந்து வெளித்தோல்வரை உண்டாகும் சீழ்வழி) என்றார்கள். வெட்டித் திறந்தார்கள். தைக்கவில்லை.

“மேலாலை தோல் மூடினால் உள்ளுக்கை திரும்பச் சீழ் கட்டும் அம்மா. அடியிலையிருந்து தசை வளர்ந்து வரவேணும்,” என்றார் டொக்டர். “ஒவ்வொரு நாளும் கழுவி, உள்ளுக்கு மருந்துத்துணி வைக்கவேணும். ஆராவது செய்துவிட இருக்கினமோ?”

“ஓம்,” என்றேன். பொய்.

பக்கத்துக் கிளினிக்கில் மருந்து கட்டும் தாதி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அங்கே போகவில்லை. மீன்பிடிக்கப் போன கணவர் கடலால் வந்ததும் கேட்டார்.

“நான் கட்டிவிடுறன். திரும்பிப் படுமன்.”

“வேண்டாம். நானே செய்வன்.”

கதவைப் பூட்டிக்கொண்டு, பார்க்க முடியாத இடத்தில் விரலால் தடவித் துணியை மேலோடு வைத்தேன். நோவு குறைந்தது. காயத்தின் வாய் ஒட்டிவிட்டது, சுகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே சீழ் கட்டியிருந்தது. மறுபடியும் வெட்டினார்கள். டொக்டர் ஏசவில்லை. மருந்து கட்டியவர் என்று எண்ணி அவர் கணவரைப் பார்க்க, கணவர் நிலத்தைப் பார்த்தார். வெட்டியதைவிட அதுதான் எனக்கு நொந்தது.

என் தங்கை கன்னியாஸ்திரி. வேதாகமம் படிப்பிப்பவள். தொலைபேசியில் அவளிடம்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். அடியிலிருந்து தசை வளரவேண்டும் என்று டொக்டர் சொன்னதையும் சொன்னேன்.

“அக்கா, எபிரேயத்திலை சுகப்படுத்துறதுக்கு வழக்கமா வேறை சொல்லு. ஆனால் அரூகா எண்டு ஒண்டு இருக்கு. பழைய ஏற்பாட்டிலை ஐஞ்சாறு இடத்திலைதான் வரும். காயத்திலை புதுத்தசை வளருறதுதான் அதின்ரை கருத்தெண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை. அநேகமா அந்தச் சொல்லு வாற இடத்திலை சுகம் ‘ஏறும்’ எண்டுதான் இருக்கும். ஓரிடத்திலை ‘முளைக்கும்’ எண்டு.”

“தமிழிலை?”

“நாங்கள் நலம், ஆரோக்கியம் எண்டு பொதுவா எழுதிப்போட்டம். எருசலேம் மதிலிலை உடைஞ்ச இடங்களை அடைச்சதுக்கும் இதே சொல்லுத்தான். ஆக்கள் நிண்டு கல்லு வைச்சுத்தான் அக்கா அது ஏறினது.”

மதிலை எல்லாரும் பார்க்கலாம், இதை யாருக்குக் காட்டுவது என்று கேட்டேன்.

“அத்தானுக்கு,” என்றாள்.

அடுத்த நாள் காலை அவர் கடலால் வந்து, மீன்வாடை போகக் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் திரும்பிப் படுத்தேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என்னோடு இருபது வருடம் வாழ்ந்தவர்தான். ஆனாலும் அப்போது செத்துப்போகலாம் என்றிருந்தது. அவர் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்து, கழுவி, உள்ளுக்கு மருந்துத்துணி வைத்தார்.

“நோகுதே?”

“இல்லை.”

“நொந்தால் சொல்லும்.”

பிறகு ஒவ்வொரு காலையும் அவர் சொல்வார்: “இண்டைக்குச் சிவப்பா இருக்கு.” “கொஞ்சம் மேலை வந்திருக்கு.” எனக்கு நாட்காட்டி தேவைப்படவில்லை. அவர் சொன்னதுதான் அன்றைய நாள். தசை தன் வேகத்தில்தான் ஏறியது. என்னால் அதை அவசரப்படுத்த முடியவில்லை.

இப்போது மூடிவிட்டது. வெட்கம் மூடவில்லை. இதை எழுதும்போதும் காது சுடுகிறது. இதே இடத்தில் இதே நோயோடு, இன்னும் யாருக்கும் சொல்லாமல் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் உடம்பில் நான் ஒருபோதும் பார்த்திராத ஓர் இடம் இருக்கிறது. அதன் நிறமும் ஆழமும் ஒருவருக்குத் தெரியும். முன்பு என் உடம்பு என்று நான் சொன்னபோது, அதில் இன்னொருவர் இருக்கவில்லை.