ஒதியம்பட்டில் ஒரு கியர்பாக்ஸ்

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் சிதம்பரத்திலிருந்து கிளம்பினோம். மினி வேனின் பின்பக்கம் தார்ப்பாயில் சுற்றிய கியர்பாக்ஸ். முன்னால் ஓட்டுநர் செந்தில், என் கணவர் சேகர், நான்.

அந்தக் கியர்பாக்ஸ் அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காருடையது. இருக்கை இரண்டே இரண்டுதான். சேகர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதை வாங்கினார். எனக்கு அந்தக் காரைப் பிடித்ததில்லை. தரையோடு தரையாக உட்கார வேண்டும். புடவையோடு ஏறி இறங்குவதே பெரிய வேலை. இரண்டாம் கியரின் பற்கள் உடைந்து அது வீட்டு ஷெட்டில் நின்றபோது எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அதே சமயத்தில் அவருடைய கண்ணும் மங்கத் தொடங்கியது. விழித்திரையில் கோளாறு. இன்னும் சில மாதம் பகலில் மட்டும் ஓட்டலாம், பிறகு எப்படியென்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். காரைச் சரிசெய்ய ஆள் தேடுவது அன்றிலிருந்து அவசரமாகிவிட்டது. சென்னையில் ஒருவர் கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பாதிச் சாமான்களை வாளியில் போட்டுத் திருப்பி அனுப்பினார். கிருமாம்பாக்கத்தில் ஒருவர் எந்தக் கியர்பாக்ஸையும் செய்வார் என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்தப் பயணம்.

கடலூர் நாற்பத்தைந்து கிலோமீட்டர். அதைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் மதுக்கடைகள் வரிசை கட்டி வந்தன. செந்தில் முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்தி டீசல் போட்டுக்கொண்டார். "இங்க விலை கொறச்சல்ங்க" என்றார்.

கிருமாம்பாக்கத்துப் பட்டறை கடலூர் சாலையை ஒட்டியே இருந்தது. வாசலில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்கள் கிடந்தன. உரிமையாளர் வீரப்பன் நாங்கள் கொண்டுபோன வாளிக்குள் கைவிட்டு ஒரு பல்சக்கரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, இத்தினியூண்டு இருக்கு? நான் மீன் புடிக்கிற போட்டுக்கு கியர் செய்றவன். இத்த நான் தொட்டா உங்களுக்கும் நஷ்டம், எனக்கும் கெட்ட பேரு."

சேகரின் முகம் வாடியதைக் கவனித்திருப்பார் போல. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒதியம்பட்டுல பரிமளான்னு ஒருத்தவங்க இருக்காங்க. வெளிநாட்டு பழைய காரெல்லாம் அவங்ககிட்டதான் வருது. இரு சார், போன் போட்டு சொல்லிடறேன்."

தவளக்குப்பம் சந்திப்பில் பேருந்துகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே சிறிது நேரம் மாட்டிக்கொண்டோம். அங்கே டீ பன்னிரண்டு ரூபாய். பிறகு இடப்பக்கம் திரும்பி, நாற்று நட்ட வயல்களின் ஊடே ஒதியம்பட்டுக்குப் போனோம்.

பரிமளாவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் வீட்டார் கரும்பும் நெல்லும் பயிரிடுகிறவர்கள். கல்யாணத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் பல்சக்கரம் வெட்டும் வேலை பார்த்தாராம். வீட்டுக்குப் பின்னால் டிராக்டர் நிற்கும் கொட்டகையில் பாதி இப்போது அவருடைய பட்டறை. நைட்டியின் மேல் சட்டை அணிந்து வந்தவர், பாகங்களை ஒரு மேசையில் பரப்பிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ரெண்டு வழி இருக்கு சார். வேற கார் பெட்டிய இதுல மாட்டலாம். காரோட தரைய கொஞ்சம் அறுக்கணும். பத்து நாள்ல ஓட்டலாம். இல்லன்னா இதையே செய்யணும். ரெண்டாவது கியர புதுசா வெட்டி, சூடு காட்டி பதம் போட்டு, அது சுத்துற தண்டும் மாத்தணும். நாலு மாசம் ஆவும். என்னவிட சீக்கிரமா செய்றேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

"பத்து நாள் வழியே போதும்" என்றேன் நான். கண்ணைப் பற்றியும் சொன்னேன்.

சேகர் உடைந்த பல்சக்கரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "தரைய அறுக்க வேண்டாம்மா. இதையே செய்யுங்க."

"நாலு மாசத்துல உங்களுக்குக் கண்ணு எப்படி இருக்குமோ, யாரு ஓட்டுறது?"

"நீ ஓட்டு, வசந்தி."

பரிமளா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "கியர் வண்டி ஓட்டுவீங்களாக்கா?" என்றார். லைசென்ஸ் இருந்தது. ஆனால் நான் பல வருடங்களாகக் கியரில்லாத வண்டிதான் ஓட்டுகிறேன். சேகர் சொன்னபடியே பெட்டியைப் பரிமளாவிடம் விட்டுவிட்டுத் திரும்பினோம்.

இருந்தும் அடுத்த வாரமே தம்பியின் பழைய காரை வாங்கி வந்து, கிளட்சை மிதித்துப் பழகத் தொடங்கினேன். சேகர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கார்த்திகையில் எதிரே வருவது பேருந்தா லாரியா என்று கேட்டார். மார்கழியில் மருத்துவர் அவரை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

காரை முன்பே லாரியில் ஒதியம்பட்டுக்கு அனுப்பியிருந்தோம். மாசியில் அதை எடுத்துவரப் பேருந்தில் போனோம். தவளக்குப்பத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். நெல் அறுப்பு முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. பட்டறைக்கு வெளியே பச்சை நிறக் கார் நின்றது. நான் சுடிதாரில் போயிருந்தேன்.

பரிமளா சாவியை என்னிடம் தரவில்லை. சேகரின் கையில் வைத்தார். "எங்க நெல்லு கொல்லை அறுத்து காலியா இருக்கு சார். ஆடு மாடெல்லாம் ஓட்டியாச்சு. நான் பக்கத்துல ஒக்காந்து சொல்றேன். ஒரு சுத்து போய்ட்டு வாங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சேகர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

கார் மெதுவாக நகர்ந்தது. "சோத்தாங்கை பக்கம், சோத்தாங்கை பக்கம், அப்படியே" என்ற பரிமளாவின் குரல் வரப்பில் நின்ற எனக்குக் கேட்டது. நடுவயலில் ஒரு கணம் எஞ்சின் சத்தம் தணிந்து, பிறகு கனமாக ஏறியது. இரண்டாம் கியர் விழுந்துவிட்டது. அறுப்பில் மிஞ்சிய அடித்தாளைச் சவட்டிக்கொண்டு கார் இன்னொரு சுற்றும் போனது. அதை யாரும் தடுக்கவில்லை.

இறங்கியதும் சேகர் காரின் முகப்பைக் கையால் தொட்டபடியே சுற்றி வந்து, அடுத்த இருக்கையில் உட்கார்ந்தார். "வீட்டுக்குப் போலாம்" என்றார். பரிமளா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்த வழியைப் பற்றி எழுத என்னிடம் அதிகமில்லை. வயல்களையோ கடைகளையோ நான் பார்க்கவில்லை.

"இப்போ எங்க இருக்கோம்?" என்று சேகர் கேட்டார்.

"தெரியலங்க. நான் ரோட்ட மட்டும்தான் பாக்குறேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எதிரே ஒரு பேருந்து வந்துகொண்டிருந்ததால், கடலூர் தாண்டிச் சிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.