கிருத்திகைக் கூட்டமும் எங்க கட்சிக் கூட்டமும்

பீப்... பீப்... பீப்...

அந்த யூபிஎஸ் சத்தம் இன்னும் காதுல இருக்கு. கரண்ட் போனா கத்த ஆரம்பிக்கும். அது அடங்குறதுக்குள்ள பதிவை பப்ளிஷ் பண்ணியாகணும். இல்லன்னா மத்தியானம் பூரா டைப் அடிச்சதெல்லாம் போச்சு!

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல எனக்கு வேலை. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கணும், பயோடேட்டா அடிச்சுக் கொடுக்கணும். ஆள் வராத நேரத்துல என்னோட பிளாக். எல்லாரும் பிளாக் எழுதின காலம் அது. மத்த பொண்ணுங்க கவிதையும் சமையலும் எழுதினாங்க, நான் அரசியல் எழுதினேன். நடுநிலை கிடுநிலை எல்லாம் கிடையாது. பக்கா கட்சிக்காரி.

தேர்தல் வந்தது. எங்க அக்கா வீட்டுக்காரர் அப்போ டவுன்ல கட்சிப் பொறுப்புல இருந்தார். பாவான்னுதான் கூப்பிடுவேன். ஒரு டிஜிட்டல் கேமராவை என் கையில கொடுத்து, "நீ எழுதும்மா, மத்தத நான் பாத்துக்கறேன்"னார். பிரச்சார வேன்ல எனக்கு ஒரு சீட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த சீட்டுல உக்காந்து எங்க தொகுதி முழுக்க சுத்தினேன். ஆந்திரா பார்டர் கிட்ட போனா வேட்பாளர் பாதிப் பேச்சு தெலுங்குலதான் பேசுவார். எல்லாத்தையும் எழுதுவேன். அன்னைக்கே படத்தோட வந்துடும்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு பிளாக் இருந்தது. ஒருநாள் அதுல ஒரு படம் போட்டாங்க. பஸ் ஸ்டாண்ட் ரோடு முழுக்க ஜனம். கீழ, "எங்கள் தலைவரைக் காணத் திரண்ட மக்கள் வெள்ளம்"னு தலைப்பு.

நான் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். சிரிப்பு தாங்கல. முக்காவாசி பேர் மொட்டை! தலையில சந்தனம்!

அன்னைக்கே எழுதினேன்... "தலைவரப் பாக்க வர்றவன் மொட்டை போட்டு, சந்தனம் பூசிகினு வருவானா? அய்யா, அது கிருத்திகைக்கு முருகனப் பாக்க வந்த கூட்டம்யா!"

ஒரு வாரம் கமெண்ட்ல திருவிழாதான். வெளியூர்ல வேலை பார்த்த நம்ம ஊர் ஆளுங்க எல்லாம் வந்து சிரிச்சிட்டுப் போனாங்க. அதுல எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர், என்கிட்ட தினமும் சண்டை போடுறவர், இப்படி எழுதினார்: "நீங்க எழுதுற கட்சி எனக்கு ஆகாது. ஆனா நடந்துச்சுன்னு நீங்க எழுதினா, அது நடந்திருக்கும்."

அந்த ஒரு வரி போதும்னு இருந்தது எனக்கு. பாராட்டு ஆயிரம் வரும். சண்டைக்காரன் வாயிலேர்ந்து இது வருமா?

அடுத்ததா பள்ளிப்பட்டுல எங்க கூட்டம். சரியான வெயில். தறிக்காரங்க தறியை விட்டு வரல, கழனிக்காரங்க கழனியை விட்டு வரல. போட்ட சேர்ல பாதி காலி. அதையும் போட்டோ எடுத்தேன். ஊர் திரும்ப ராத்திரி ஆனதால அன்னைக்குப் பதிவு போட முடியல.

மறுநாள் காலையில பாவா சென்டருக்கு வந்தார். கையில ஒரு பென் டிரைவ்.

"பள்ளிப்பட்டு கூட்டத்துக்கு இந்தப் படத்தப் போடும்மா."

தெறந்து பார்த்தேன். மலையடிவாரம். ஜனமோ ஜனம். அதே மொட்டை, அதே சந்தனம்!

"பாவா, இதுவும் கிருத்திகைக் கூட்டம்."

"ஆங், தெரியும். மொட்டைங்கள மட்டும் வெட்டிட்டுப் போடு."

"மொட்டைங்கள வெட்டினா நாலு பேருதான் மிஞ்சுவாங்க பாவா!"

அவர் சிரிக்கல. "வெளாடாத. வேட்பாளரே கேட்டுகினு இருக்காரு. நீ கட்சிக்காரியா, பத்திரிகக்காரியா?"

"கட்சிக்காரிதான். அதனாலதான் மாட்டேன்றேன். போன வாரம் அவங்கள நாறடிச்சேன். இத போட்டா, நாளைக்கு நம்ம ஆளு நெசமாவே நல்லது செஞ்சத எழுதினாலும் எவன் நம்புவான்?"

"அப்போ பாஸ்வேர்டக் கொடு. நான் வேற ஆள வெச்சிப் போட்டுக்கறேன்."

"கேமராவ வேணா எடுத்துகினு போங்க பாவா. பாஸ்வேர்ட் தர மாட்டேன்."

கேமராவை எடுத்துக்கிட்டுத்தான் போனார். நல்லவேளை, படத்தை முன்னாடியே கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருந்தேன்.

அக்கா வாழ்ற வீடாச்சே... பயம் இல்லாமயா இருக்கும்? ஆனா அன்னைக்கு மத்தியானமே நான் எடுத்த படத்தைப் போட்டேன். காலி சேரோட. "கூட்டம் கம்மிதான். வந்த ஒரு தறிக்கார அம்மா கரண்ட் கட்டப் பத்திக் கேட்ட கேள்விக்கு எங்க வேட்பாளர் சரியா பதில் சொல்லல. சொல்லணும். அடுத்த ஊருக்குப் போறதுக்குள்ள சொல்லணும்"னு எழுதினேன்.

வேன் சீட் போச்சு. பாவா பேச்சை நிறுத்தினார். அக்காவும் அவர் இல்லாத நேரமாப் பார்த்துத்தான் போன் பண்ணுவா.

நான் நிறுத்தல. பஸ் பிடிச்சுப் போனேன். தோழியோட செல்போன்ல மங்கலா படம் எடுத்தேன். பிரச்சாரம் முடியற வரைக்கும் எங்க கட்சிக்கு ஓட்டு கேட்டு எழுதினேன். எங்க ஆளு தோத்துட்டார். ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல.

இப்போ பிளாக்கும் இல்ல, அந்த பிரவுசிங் சென்டரும் இல்ல. எல்லாம் வாட்ஸ்அப்தான். பாவாவும் நானும் எப்பவோ ராசியாயிட்டோம்.

இந்தத் தேர்தலுக்கும் பிரச்சாரம் ஓடுது. நேத்து பாவா போன் பண்ணினார். "ஏம்மா, ஒரு படம் அனுப்பிச்சிருக்கேன் பாரு. நம்ம கூட்டம்ன்றாங்க. நெசமா?"

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்கிட்ட கேக்கறார்.

பார்த்தேன். கம்ப்யூட்டர்ல செஞ்ச படம். "பொய் பாவா. போடாதீங்க."

"ஆங்... சரிம்மா."

கொஞ்ச நேரத்துல குடும்ப குரூப்ல அந்தப் படம் வந்துடுச்சு. போட்டது பாவாதான்!

அதுக்குக் கீழயே நான் எழுதினேன். "இது நம்ம கூட்டம் இல்ல."

அடுத்ததா ஒரு குட் மார்னிங் ரோஜாப்பூ வந்தது. அப்போல்லாம் ஒரு வரி எழுதினா சண்டைக்கு அம்பது பேர் வருவாங்க. அந்த சண்டைக்காரங்கதான் இப்போ ஞாபகம் வர்றாங்க.

இன்னைக்கு சாயந்தரம் பொதட்டூர்பேட்டையில எங்க ஆளு பேசறார். போறேன். எவ்ளோ பேர் வர்றாங்களோ, அவ்ளோ பேரைத்தான் குரூப்ல போடுவேன்.