தீர்ந்துபோகிற கலர்

மகள் என் செல்போனில் எதையோ அழுத்தித் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டாள். கலர் தீர்ந்துவிட்டதோ என்று ஒரு கணம் பதறினேன்.

சின்ன வயதுப் பயம் அது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை பார்த்த நைனா முதல் கலர் போன் வாங்கி வந்தார். திரையில் பச்சையும் நீலமுமாக ஒரு மயில். டார்ச் பேட்டரி மாதிரி, பார்க்கப் பார்க்கக் கலரும் தீரும் என்று நம்பினேன். கட்டிக்கொடுத்த அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்வரை இருக்க வேண்டுமே! போனைத் துண்டில் சுற்றி ஒளித்தேன்.

"இன்னாடா பேஜாரு பண்றே? போன் வந்தா பேச வாணாமா?" என்றார் நைனா.

அக்கா வந்ததும் துண்டைப் பிரித்து, "சீக்கிரம் பாருக்கா, தீந்துடும்!" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "தீந்தா இன்னாடா? உங்க மாமா பெயிண்ட் கம்பெனிலதான கீறாரு. ஊத்திக்கலாம்."

அதையும் நம்பினேன். அன்று தெரு முழுக்க மயிலைக் காட்டிக்கொண்டே திரிந்தேன்.